கவிச்சி வாடை

கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால் வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வயதுக்குள் குற்றாலநாதன் கண்டுபிடித்த சௌகரியங்களில் இது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. படுக்கையறையில் அவன் மனைவி ஜெனோவா துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கூடத்தில் அம்மா உலகம்மாள் ஒன்றுமே நடக்காததுபோலக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குள் ஜெனோவாவின் அண்ணன் உவரியிலிருந்து காரில் வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இவன் என்னடாவென்றால், சமையலறைக்குப் போகிற நடையை ஒட்டிய தன் அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேம் விளையாடும்போது பொட்டென்று அணைந்துபோகிற கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். நாலு ஸ்க்ரூ. அதில் ஒன்று வழுக்குகிறது. எதை நினைத்தாலும் காலை ஏழு மணிக்கே வந்து நின்றது மனசு. அம்மா ஜெனோவாவின் அலமாரிக்கு முன்னால் நின்று, திற பாப்போம் என்றாள். "நாலு மாசமா வீடு நாறுது. எங்கயோ கருவாட்டைப் பொதிஞ்சு வச்சிருக்கா. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" ஜெனோவா சண்டை போடவில்லை. அலமாரியைத் திறந்து, சேலை, சுடிதார், உள்பாவாடை, அதற்கும் உள்ளே போடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்து உதறி உதறிக் கட்டிலில் போட்டாள். ஒரே ஒரு தடவை இவனைப் பார்த்தாள். இவன் சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தான். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றான் என்று சொன்னால் கொழுக்கட்டைக்குக் கேவலம். கடைசித் துணியையும் உதறிவிட்டு, "அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். அவன் இந்த அறைக்கு வந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டான்.

தகடு கையோடு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். வெளியே கண்ணாடியும் கலர் விளக்குமாக மினுக்குகிற இந்தப் பெட்டிக்குள் இப்படி ஒரு குப்பைமேடா? சாம்பல் நிறத்தில் தடித்த தூசி, தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிற பிசுக்கு, அதில் சிக்கிய தலைமுடி, ஒரு கரப்பான் கால், இன்னும் எங்கோ முழுசாக இருக்கப்போகிற அந்தக் கரப்பானின் மீதி. தூசியில் பாதி மனுசத் தோல்தான் என்று எங்கோ படித்திருந்தான். அப்படியானால் இது நான்தான், மூன்று வருசமாக வீட்டிலிருந்தே வேலை பார்த்து, இந்த நாற்காலியில் உட்கார்ந்து உதிர்த்த நான், என்று நினைத்ததும் கையை லுங்கியில் துடைத்தான். லுங்கியும் நாறுவதுபோல இருந்தது. வீட்டில் எல்லாமே நாறுவதுபோலத்தான் நாலு மாசமாக இருக்கிறது. மூக்கு என்று ஒன்று இருப்பதே இந்த நாலு மாசத்தில்தான் இந்தக் குடும்பத்துக்கு ஞாபகம் வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் அம்மா பல் தேய்க்கிறாளோ இல்லையோ, நடையில் நின்று மூக்கை உறிஞ்சுவாள். சரி, வேலையைப் பார். கோளாறு எங்கே? கோளாறு பார்க்கிறவனுக்கு ஒரே விதிதான், ஒன்றொன்றாகக் கழற்று. இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் எதனால் சரியாயிற்று என்று ஜென்மத்துக்கும் தெரியாது. இதைக் கல்லூரியில் விடுதிப் பையன்களுக்கெல்லாம் இவன்தான் சொல்லிக்கொடுத்தான், பெரிய மேதாவிபோல. ரேமைக் கழற்றி அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினான். கம்ப்யூட்டர் எழுந்தது. கேமை ஓட்டினான், மூன்றாவது நிமிடம் பொட்டென்று அணைந்தது. ரேம் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டை உருவினான். தை மாசம் போனஸ் வந்ததும் ஆசையாக வாங்கிப்போட்ட பெரிய கார்டு, கையில் செங்கல் கனம். அது இல்லாமல் ஓட்டினால் அணையவில்லை. திரும்ப மாட்டினால் அணைந்தது. அப்படியானால் கார்டா, இல்லை அதற்குத் தீனி போட முடியாமல் திணறுகிற பவர் சப்ளையா? படுக்கையறையில் பெட்டியின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. ஏதோ மறந்துபோய்த் திரும்பத் திறக்கிறாள். போய் ஒரு வார்த்தை சொல்லலாம். என்ன வார்த்தை? போகாதே என்றா? எதற்குப் போகக் கூடாது என்று கேட்டால்?

திரையின் ஓரத்தில் வோல்டேஜைக் காட்டச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினான். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று புள்ளி ஆறு. சண்டைக் காட்சி வந்ததும் பதினொன்று புள்ளி இரண்டு. அத்தோடு பொட்டென்று அணைந்தது. பவர் சப்ளைதான். சுமை ஏறினால் காலை வாரிவிடுகிற பயல். சும்மா இருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், விளக்கு எரியும், பாட்டுப் பாடும். ஒருத்தி வந்து சேர்ந்து, வீட்டில் பாரம் கொஞ்சம் ஏறினால்தான் தெரியும் இவன் எத்தனை வாட்ஸ் என்று. இவன் என்று யாரைச் சொல்கிறோம் என்று உறைத்ததும் அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டான். பதிவுத் திருமணம் முடித்து இந்த வீட்டுக்கு அவளை அழைத்துவந்த அன்றைக்கு அம்மா ஆரத்தி எடுத்தாள், அதில் குறை வைக்கவில்லை. பரம்பரையாக முட்டைகூட நுழையாத சைவ வீடு, நீதான் பாத்து நடந்துக்கிடணும் என்று அன்றைக்கே சொன்னாள். ஜெனோவா தலையாட்டினாள். சொன்னபடிதான் இருந்தாள். போன கொடைக்கு, இல்லை, அவர்கள் ஊரில் அது கொடையில்லை, அந்தோணியார் கோயில் திருவிழா, அதற்கு உவரிக்குப் போயிருந்தபோது, அவள் அம்மா சட்டி நிறைய மீன் குழம்பை முன்னால் வைத்தும், அவள் ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்றாள். யார் முன்னால்? இவன் முன்னால். இவன் யார்? கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் கம்பெனிச் சாப்பாட்டறையில் இரண்டு வருசம் அவள் டப்பாவிலிருந்து பொரித்த சீலா மீனை முள் எடுத்துத் தரச் சொல்லித் தின்றவன். மொறுமொறுவென்று இருக்கிற ஓரத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கித் தின்றவன். தின்றுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, அம்மாவோடு வீடியோ காலில் பேசும்போது அந்தக் கையால் நெற்றியில் திருநீற்றைச் சரி செய்தவன். த்தூ. காறித் துப்பத் தோன்றியது. துப்பினால் தன் அறையிலேயே துப்ப வேண்டும்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க ஒரு கம்பி வேண்டும். பெரிய சாக்கெட்டில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் அது தானாக எழுந்து விசிறியைச் சுற்ற வேண்டும். பேப்பர் கிளிப் வீட்டில் இல்லை. படுக்கையறைக் கண்ணாடி மேசையில் ஜெனோவாவின் கொண்டை ஊசிகள் ஒரு கிண்ணத்தில் இருக்கும். அந்த அறைக்குப் போக வேண்டும். போனான். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஒரு ஊசி எடுத்துக்கிடுதேன் என்று சொன்னான், பக்கத்து வீட்டுக்காரன் கேட்பதுபோல. அவள் ம் என்றாள். திரும்பி நடக்கும்போது கை தானாக உயர்ந்து ஊசியை மூக்கருகே கொண்டுபோயிற்று. தேங்காய் எண்ணெய். வேறொன்றுமில்லை. அறை வாசலில் நின்றுவிட்டான். எதற்கு மோந்து பார்த்தேன்? யார் சொன்னார்கள்? இந்தக் கை இப்படிப் பழகிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அவள் படுத்திருந்தாள், ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அம்மா காலையிலிருந்தே பொருமிக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலருகே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, அந்த விரல்களை, நகக்கண்ணை, உள்ளங்கையை மோந்து பார்த்தான். மஞ்சளும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும். அப்போதும் நம்பாமல் மறுபடி மோந்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, நிச்சயமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அந்த மத்தியானம் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். உடனே வேறு எதையாவது நினைப்பான். இப்போது பிளேடால் ஊசியின் கறுப்புப் பூச்சைச் சுரண்டுவதைப் பற்றி நினைத்தான்.

ஸ்விட்சை அணைத்து, சாக்கெட்டை மதர்போர்டிலிருந்து பிடுங்கி, ஊசியின் ஒரு காலைப் பச்சையிலும் மறு காலைக் கறுப்பிலும் சொருகினான். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே டிக்கென்றது. விசிறி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. மறுபடி துள்ளிற்று, நின்றது. சுற்றவில்லை. காற்றில்லாமல்தான் வெந்துகொண்டு கிடந்திருக்கிறது. அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பின்பக்க ஸ்க்ரூக்களை எடுத்துப் பவர் சப்ளையை வெளியே இழுத்தான். இன்னும் சூடு ஆறவில்லை. மடியில் வைத்துக்கொண்டு குனிந்தான். முகத்தில் அடித்தது அந்த வாடை. அதே வாடை. நாலு மாசமாக நடையில் நின்று அம்மா உறிஞ்சிக்கொண்டிருந்த, இவன் சாப்பிடும்போது தொண்டையில் வந்து உட்கார்ந்த, சந்தையில் மத்தியான வெயிலில் விற்காமல் கிடக்கிற மீன்கூடையின் அந்த வாடை, அச்சு அசலாக, இந்தக் கறுப்புத் தகரப் பெட்டிக்குள்ளிருந்து. அந்தக் கணத்தில் அவன் மனசில் முதலில் வந்தது இதுதான்: அடிப்பாவி, இதுக்குள்ளயா ஒளிச்சு வச்சே? ஒரு முழு நொடி, அல்லது இரண்டு, அவன் அதை நம்பினான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். போனின் டார்ச்சை அடித்து, சல்லடைக் கம்பிகளின் இடுக்கு வழியாக, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கருவாட்டுத் துண்டைத் தேடினான். தேடியதுதான் உண்மை. இதை எப்படிப் பூசி மெழுகினாலும் தேடியது தேடியதுதான்.

பை இல்லை. மீதிக் கரப்பான் இருந்தது, விசிறி இறக்கையோடு ஒட்டி, மல்லாந்து. அதற்குக் கீழே வரிசையாக நிற்கிற சின்ன உருளைகளில் மூன்று கெப்பாசிட்டர்கள் தலை உப்பிப் பிளந்து, பழுப்பாகக் கசிந்து, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக்கையும் பசையையும் கருக்கி வைத்திருந்தன. படித்திருக்கிறான். வெந்துபோகிற பிளாஸ்டிக்கும் பசையும் மீன்போலத்தான் நாறும் என்று, பரீட்சைக்கு இல்லாவிட்டாலும், எங்கோ எப்போதோ படித்திருக்கிறான். கண்டும் காணாமல் இருப்பதற்குப் படிப்பு தடையாக இருக்கவில்லை. பெட்டியைத் திருப்பினான். காற்றை உறிஞ்சுகிற அடிப்பக்கத்துச் சல்லடை முழுக்க, ஒரு விரற்கடை கனத்துக்கு, கறுப்பாக, பிசினாக, அடைபோல ஒரு படிவு. மோந்தான். இது மீன் இல்லை. சாம்பிராணி. நாலு மாசமாக, வாடை வந்த ஒவ்வொரு சாயங்காலமும், அம்மா தூபக்காலில் நெருப்புக் கங்கைப் போட்டு, அள்ளி அள்ளிச் சாம்பிராணி தூவி, வாடை எங்கே அதிகமோ அங்கே, அதாவது நடையில், இவன் அறை வாசலில், தரையில் நிற்கிற இந்தக் கேபினெட்டுக்கு ஒரு முழம் தள்ளி வைப்பாள். பெட்டி அத்தனையையும் மூச்சு மூச்சாக இழுத்து அடைத்துக்கொண்டது. அடைபட்டதால் வெந்தது. வெந்ததால் நாறியது. நாறியதால் அம்மா இன்னும் ஒரு கை தூவினாள். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது.

திருவிழாவுக்கு அவள் போன இரண்டு நாள். அதுதான் அம்மாவின் பெரிய சாட்சி. "அவ இல்லாத ரெண்டு நாளும் வீடு கோயில் மாதிரி இருந்துச்சு, வந்த அன்னைக்கே நாறிச்சு, இதுக்கு மேல என்னல வேணும் உனக்கு?" அப்போது இவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த இரண்டு நாளும் இவனும்தான் உவரியில் இருந்தான். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. திரும்பி வந்த அன்றைக்குச் சாயங்காலம் விட்டதைப் பிடிக்கிற மாதிரி நாலு மணி நேரம் விளையாடினான். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் எதனால் சரியாயிற்று என்று ஜென்மத்துக்கும் தெரியாது. ரேமுக்குத் தெரிந்த நியாயம். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காட்டிய நியாயம். ஜெனோவாவுக்குக் காட்டவில்லை. தை மாசம் கார்டு வந்தது, தை மாசம் வாடை வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் அறையைச் சந்தேகித்திருந்தால்? ஆனால் ஆம்பிளை உட்கார்ந்து வேலை பார்க்கிற அறையில் என்ன நாறப்போகிறது? அவர்கள் அடுப்படியைச் சந்தேகித்தார்கள், பிரிட்ஜைச் சந்தேகித்தார்கள். ஜெனோவா அதை மூன்று தடவை வினிகர் போட்டுக் கழுவினாள். அவள் கையைச் சந்தேகித்தார்கள். உள்பாவாடையைச் சந்தேகித்தார்கள். மணி பதினொன்றே முக்கால். இப்போது இன்னொரு எண்ணம் மெதுவாக, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இதைப் பேசாமல் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடு. புதுசு ஒன்று வாங்கி மாட்டு. வாடை நின்றுவிடும். அவள் பத்து நாள் ஊரில் இருந்துவிட்டு வரட்டும். அம்மா, தான் சொன்னதைக் கேட்டு மருமகள் திருந்திவிட்டாள் என்று நினைத்துச் சந்தோஷப்படுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த எண்ணத்தை அவன் தட்டிவிடவில்லை. மடியில் சூடு ஆறிக்கொண்டிருந்த பெட்டியோடு ஐந்து நிமிடம் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு வசதியாக இருந்தது. அதுதான் அவனுக்குச் சகிக்கவில்லை. கரப்பானைக்கூடத் தொட்டுவிடலாம், இந்த வசதியைத் தொட முடியாது என்று பட்டது. தெருவில் கார் வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தது. அவன் பவர் சப்ளையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

கூடத்தில் ஜெனோவா பெட்டியோடு வந்து நின்றிருந்தாள். அம்மா கீரைத்தட்டை மடியிலிருந்து இறக்கவில்லை.

"அம்மா, இதை மோந்து பாரு."

"என்னல இது?"

"பாருன்னு சொல்லுதேன்லா."

அம்மா குனிந்தாள். முகம் கோணிற்று. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். "அட கடவுளே! இதுக்குள்ளயா ஒளிச்சு வச்சிருந்தா?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட யோக்கியதை இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் அவனும் இதே வார்த்தையைத்தான் நினைத்தான்.

"யாரும் ஒளிச்சு வைக்கலம்மா. இது வெந்து நாறுது. நீ வச்ச சாம்பிராணி அடைச்சு, நான் விளையாடி விளையாடி, இதுதான் நாறுது. நாலு மாசமா இதுதான். அவ இல்ல."

"மிசினு எங்கயாவது மீன் வாடை அடிக்குமாக்கும்? அவளுக்குச் சப்பைக்கட்டு கட்டாத. மீன் வாடை உனக்கென்ன தெரியும்?"

"தெரியும். நான் மீன் தின்னிருக்கேன். ரெண்டு வருசம். அவ டப்பாவுல இருந்து. நானா கேட்டு வாங்கித் தின்னேன்."

அம்மா மூக்கைப் பொத்திய முந்தானையை எடுக்கவில்லை. ஆனால் கண் தகரப் பெட்டியை விட்டுவிட்டு அவன் வாய்க்கு வந்தது. நாலு மாசமாக ஜெனோவா எதைச் சுமந்துகொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள் என்று அந்தப் பார்வை பட்ட இடத்தில் அவனுக்கு முதல் தடவையாக எரிந்து உறைத்தது. அவன் ஜெனோவாவின் பக்கம் திரும்பினான். சொல்லிவிட்டேன், பார்த்தாயா, சொல்லிவிட்டேன் என்று அவன் முகம் கெஞ்சியிருக்க வேண்டும். அவள் கிட்டே வந்து, தகரப் பெட்டியின் மேல் குனிந்து, நிதானமாக மோந்து பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "அந்த வாடைதான்."

"அப்ப போகாத, ஜெனோ. அண்ணன்கிட்ட நான் பேசுதேன். கோளாறு எதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே."

அவள் இரண்டு கைகளையும் விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஓயாமல் வினிகரிலும் பவுடரிலும் ஊறி, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"மூணு வாரம் முன்னால, மத்தியானம், கட்டில் பக்கத்துல உக்காந்து என் கையை மோந்து பாத்தீங்கல்லா," என்றாள். "நான் தூங்கல."

துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அண்ணன் காரின் பின்கதவைத் திறந்துவிட்டு நின்றார், இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் குற்றாலநாதன் அந்தத் தகரப் பெட்டியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே அடுப்படியில் இடுக்கி தூபக்காலில் இடிக்கும் சத்தம் கேட்டது, அம்மா கங்கு எடுத்துப் போடுகிறாள். புகையோடு நடைக்கு வந்தவள் அங்கே நிற்கவில்லை. நேராக அவனிடம் வந்தாள்.